யென்னும் விசிட்டிங் கார்டும்: ஜப்பான் செல்வோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: டோக்கியோவில் டாக்ஸி ஓட்டுநருக்கும் உணவக ஊழியருக்கும் எவ்வளவு டிப்ஸ் தர வேண்டும்?

பதில்: ஒரு யென்கூட வேண்டாம். மேசையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்றெண்ணிப் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

கேள்வி: அடுத்த மாதம் கம்பெனி வேலையாக ஜப்பான் போகிறேன். எவ்வளவு பணம் எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: எத்தனை நாள், எந்த ஊர், அறை வாடகையைக் கட்டுவது யார் என்று எதையுமே எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். அறைக்கு முன்பே பணம் கட்டியாயிற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்கு 40,000, 50,000 யென் ரொக்கம் போதும். மீதி ஃபாரக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் அட்டையில், இருக்கட்டும். ரொக்கம் தீர்ந்தால் செவன்-லெவன் கடைகளின் ஏ.டி.எம்.களில் நம் அட்டைகள் பெரும்பாலும் செல்லும். கொஞ்சம் 1,000 யென் நோட்டுகளும் இருக்கட்டும். பானம் விற்கும் இயந்திரங்கள் பல 10,000 யென் நோட்டை விழுங்குவதில்லை.

கேள்வி: ஓட்டலில் அட்டையைத் தேய்த்தபோது, ரூபாயா யென்னா என்று கேட்டார்கள். கணக்கு எளிதாக இருக்குமே என்று ரூபாய் என்றேன். சரிதானே?

பதில்: சரியில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் இக்கேள்வி ஓய்வதில்லை. ரூபாய் என்று சொன்ன கணமே, மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை கடைக்காரருக்கு அட்டைச் சேவை தரும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அது நூற்றுக்கு நான்கைந்து ரூபாயைத் தன் பங்காகச் சேர்த்துக்கொள்ளக்கூடும். யென்னை 60 பைசாவாகக் கொண்டால் 20,000 யென் பில்லுக்கு 12,000 ரூபாய் ஆக வேண்டும். அது 12,500, 12,600 என்று ஏறுகிறது. கடை வெளிநாட்டுக் கடை என்பதால் நம் வங்கிகளில் சில அதன் மேலும் ஒரு கட்டணம் போடுகின்றன. யென் ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டில் இதைச் செய்தால் யென் ரூபாயாகி மறுபடி யென்னாகும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை தரகு. ஒசாகாவில் ஒரு விடுதியில் என்னைக் கேட்காமலேயே ஊழியர் ரூபாய் பொத்தானை அழுத்திவிட்டார். ரசீதைப் பார்த்ததும் ரத்து செய்யச் சொல்லி யென்னில் மீண்டும் போட வைத்தேன். ஏ.டி.எம். திரையிலும் இதே கேள்வி வரலாம். அங்கும் யென்தான். திரையில் யென் என்று பார்க்காமல் பின் எண்ணைத் தட்டாதீர்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டை எப்படிக் கொடுப்பது?

பதில்: எழுந்து நின்று, எழுத்து அவர் பக்கம் பார்க்கும்படி, இரு கைகளால். அவருடையதையும் அப்படியே வாங்கி, ஒருமுறை படித்து, கூட்டம் முடியும்வரை உங்கள் முன்னே மேசையில் வையுங்கள். அதன் மேல் குறிப்பெழுதுவதும், பின்பாக்கெட்டில் செருகி அதன்மேல் உட்காருவதும் கூடவே கூடாது.

கேள்வி: பரிசாக நான்கு பித்தளைக் கிண்ணங்கள் கொண்டு போகலாமா?

பதில்: நான்கு வேண்டாம், அந்த எண்ணின் ஓர் உச்சரிப்பு சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருக்கிறது. ஐந்தாக்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய பயணத்தில் மிஞ்சிய 10,000 யென் நோட்டுகள் உள்ளன. 2024இல் புதிய நோட்டு வந்ததாமே, செல்லுமா?

பதில்: செல்லும். ஷிபுசாவா எய்இச்சி படம் போட்ட புது நோட்டு அந்த ஜூலையில் வந்ததால் ஃபுகுசாவா யுகிச்சி படம் போட்ட பழைய நோட்டு செல்லாததாகிவிடவில்லை. நம் 2016 பழக்கத்தில் பதற வேண்டாம். பழையது செல்லாது, மாற்றித் தருகிறேன் என்று யாரேனும் நெருங்கினால் அவர் ஏமாற்றுக்காரர்.