புது டிவியில் சினிமா ஏன் சீரியல் போல ஓடுகிறது?

கேள்வி: புதிதாக 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் பார்ப்பது போல வழவழவென்று ஓடுகிறது. 'அதற்குத்தானே இவ்வளவு காசு கொடுத்தோம்' என்கிறார் என் கணவர். கேமில் பட்டனை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான் என்று மகன் புலம்புகிறான். வசனம் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. டிவியில் கோளாறா? மாற்றித் தரச் சொல்லலாமா?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிவியில் கோளாறு இல்லை. கடையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த செட்டிங்குகளோடு வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'சீரியல் போல' என்று நீங்கள் எழுதியது மிகச் சரி. பேசும்படக் காலத்திலிருந்தே சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, ஓடுகிறது. வீடியோவில் எடுத்த தொடர்களிலோ நொடிக்கு 50 அல்லது 60 முறை அசைவு பதிவாகும். உங்கள் டிவி அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, நடுவில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, இல்லாத ஃபிரேம்களைத் தானே செய்து செருகுகிறது. அதனால்தான் சினிமாவும் வீடியோவாகத் தெரிகிறது. யாராவது கையை வேகமாக வீசும்போது விரல்களைச் சுற்றிப் பாருங்கள், படம் கலங்கும். ஊகம் தப்பும் இடம் அது.

இந்த வசதிக்குச் சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', பழைய மாடல்களில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்று பெயர். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. பிக்சர் செட்டிங்கில் தேடி அணைத்துவிடுங்கள். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் உங்கள் கணவர் விருப்பப்படி விடலாம். அது ஏற்கெனவே 50 அல்லது 60 வேகத்தில் வருவதால் பெரிய கெடுதல் இல்லை. சினிமா விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் வேலை இன்னும் சுலபம். 2019-இல் அறிவிக்கப்பட்ட இந்த மோட், ஃபிரேம் செருகுவதையும் செயற்கைக் கூர்மையையும் சேர்த்தே அணைத்துவிடும். அது இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி'யைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் சில மாடல்களில் அந்த மோடிலும் ஃபிரேம் செருகல் ஓடிக்கொண்டிருக்கும், பார்த்து அணையுங்கள். முதலில் படம் மஞ்சளாகத் தெரியும். உடனே பளிச்சென்ற 'விவிட்' மோடுக்கு ஓடிவிடாதீர்கள். நீலம் தூக்கலாக இருந்ததற்குக் கண் பழகிவிட்டது, சில நாளில் சரியாகும். ஷார்ப்னெஸ் சோனியில் 50, சாம்சங், எல்ஜியில் 0-க்கும் 10-க்கும் இடையில் இருக்கட்டும். இரவுக் காட்சிகள் இருண்டு தெரிந்தால் மின்சேமிப்பு வசதியை நிறுத்திப் பாருங்கள். உங்களுடையது ஓஎல்இடி திரை என்றால், எல்லாவற்றையும் அணைத்தபின் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சி தடதடக்கலாம். அப்போது தடதடப்பைக் குறைக்கும் 'டீ-ஜடர்' அளவை 10-க்கு 2 அல்லது 3 மட்டும் வையுங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண படம், வெளிச்ச வேறுபாடு கூடுதலான எச்டிஆர் படம், அதில் ஒரு வகையான டால்பி விஷன் ஒவ்வொன்றுக்கும் செட்டிங் தனித்தனியாகச் சேமிக்கப்படும். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும்கூடத் தனி. 'மாற்றினேன், மறுநாள் பழையபடி ஆகிவிட்டது' என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தந்த வகைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து மாற்றுங்கள்.

மகனின் புகாருக்கும் வேர் இதுதான். நடு ஃபிரேமை ஊகிக்க அடுத்த ஃபிரேம் வந்து சேரும்வரை டிவி காத்திருக்க வேண்டும். மற்ற மெருகூட்டல்களும் சேர்ந்தால் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டலாம். 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், அப்படியானால் பையன் ஆறு ஃபிரேம் பின்தங்கி ஆடுகிறான். கன்சோல் செருகிய இணைப்பில் 'கேம் மோட்' போடுங்கள். இன்றைய டிவிகளில் பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிசெகண்டுக்கு இறங்கிவிடும். டிவி, கன்சோல் இரண்டிலும் 'ஏஎல்எல்எம்' இருந்தால் இயக்கிவிடுங்கள், கேம் தொடங்கும்போது டிவி தானாக மாறிக்கொள்ளும். படம் உடனே வந்து சத்தம் மட்டும் பிந்தினால் அது பெரும்பாலும் புளூடூத் ஹெட்போனின் வேலை. ஒயர் ஹெட்போன் கொடுங்கள்.

வசனத்துக்கு வருவோம். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், அதிர்வொலிக்கு இன்னொன்று) வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கியது. டிவியில் இருப்பதோ கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பேசும் சிறு ஸ்பீக்கர்கள். எல்லாவற்றையும் அவற்றில் திணிக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. ஓடிடி செயலியின் ஆடியோ பட்டியலில் 5.1 என்று போடாத ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் 'சரவுண்ட்' வசதியை அணைத்து, 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். உரத்த சத்தத்துக்கும் மெல்லிய பேச்சுக்கும் உள்ள இடைவெளி குறையும். அதற்கும் சரிவராவிட்டால் சவுண்ட்பார்தான் வழி. 2.1 வேண்டாம், 3.1 வாங்குங்கள். அந்த மூன்றாவது சானல்தான் வசனத்துக்கானது, அதன் ஒலியை மட்டும் தனியே கூட்ட வசதியுள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். 'இஆர்க்' அல்லது 'ஆர்க்' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் இணைக்க வேண்டும்.

மாற்றித் தரச் சொல்ல வேண்டிய நிலை வேறு: எந்த இணைப்பிலிருந்து படம் வந்தாலும் திரையில் ஒரே இடத்தில் கோடு, கறை அல்லது அணைந்த புள்ளி அசையாமல் நின்றால் பேனலைச் சந்தேகிக்கலாம். முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்கப் போட்டால் தெளிவாகத் தெரியும். அப்படி எதுவும் தெரிந்தால் போட்டோ எடுத்து, ரசீதோடு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் காட்டுங்கள்.