நெஞ்சு நீர் ரிப்போர்ட்டில் ‘புற்று செல் இல்லை’ என்றால் போதுமா?

வணக்கம். அப்பாவின் நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரைச் சோதித்ததில் புரதம் 4.8, ஏடிஏ (ஒரு நொதியின் அளவு) 62, லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) 85 சதவீதம், புற்று செல் இல்லை என்று வந்திருக்கிறது. இனிப் பயம் வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் புரதம். ரத்தத்தில் 6.9 என்கிறீர்கள். 4.8-ஐ அதால் வகுத்தால் சுமார் 0.7. இது 0.5-ஐத் தாண்டினால், இதயம் பலவீனமாகிக் கசிந்த நீராக இருக்கும் வாய்ப்பு குறைவு. கிருமியோ கட்டியோ அழற்சியோ காரணமாக இருக்கலாம். டாக்டர் ரிச்சர்ட் லைட் குழு 1972-ல் வகுத்த அளவுகோல் இது, இன்றும் கைகொடுக்கிறது.

அப்புறம் ஏடிஏ. 40-க்கு மேல், கூடவே லிம்போசைட் மிகுதி என்றால் என் சந்தேகம் காசநோய் பக்கம்தான் போகிறது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் ஏடிஏ உயரலாம்.

ஆனால் ‘புற்று செல் இல்லை’ என்ற ஒரு வரியை நம்பி இருந்துவிடாதீர்கள். புற்றுநோயால் நீர் கோத்தவர்களிலேயே சுமார் பத்தில் ஆறு பேருக்குத்தான் நீரில் செல் சிக்கும். காசநோய்க் கிருமியும் நீரில் அகப்படாமல் போவது சகஜம். நுரையீரல் உறையிலிருந்து சிறு துண்டு எடுக்கும் பயாப்ஸி தேவையா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். மூச்சுத்திணறல் கூடினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.