படுக்கைப்புண்ணுக்கு என்ன தடவலாம்?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமனாருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. வால் எலும்புக்கு மேலே ஓரிடம் கருத்து, தொட்டால் சூடாக இருக்கிறது. தோல் இன்னும் உடையவில்லை. மருந்துக்கடையில் காற்று வளையம் (நடுவில் துளையுள்ள, காற்றடைத்த திண்டு) வாங்கி அடியில் வைக்கச் சொல்கிறார்கள். ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. எது சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள தசையை அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஸ்பிரிட் தோலை வறளச் செய்யும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே அந்த வளையம் புழக்கத்தில் இருந்தது. கருத்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. அடியில் நலிந்திருக்கும் திசு மேலும் சிதையும்.

விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பையே படுக்கைப்புண்ணின் முதல் நிலைக்கு அடையாளமாகப் பாடநூல்கள் சொல்கின்றன. மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம் என்பதால், அக்கம்பக்கத் தோலோடு ஒப்பிட்டுச் சூடு, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும்; நீங்கள் சூட்டைக் கவனித்தது மிகவும் நல்லது. ஆனால் அதே கருமை, தோலுக்கு அடியில் ஆழத்தில் ஏற்பட்ட சேதமாகவும் இருக்கக்கூடும். ஆகவே ஒரு மருத்துவரிடமோ செவிலியரிடமோ தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்குவதுதான் படுக்கைப்புண்ணுக்குக் காரணம்; அந்த அழுத்தம் நீங்காதவரை எந்தக் களிம்பும் பயன் தராது. ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்புங்கள். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பாரம் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தாலே போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் வையுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், இருவர் விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். உணவு ஊட்டும்போதும் அதன் பிறகு சிறிது நேரமும் நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, பின்னர் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயராமல் தாழ்த்திவிடுங்கள். இல்லையெனில் உடல் வழுக்கி, வால் எலும்புப் பகுதியின் தோல் இழுபடும். ஏர் பெட் உதவும். அது இருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. சிறுநீரில் நனைந்த டயப்பரை உடனே மாற்றி, கழுவி, ஒற்றித் துடையுங்கள்.

தோல் உடைந்துவிட்டால் மஞ்சளோ ஹைட்ரஜன் பெராக்சைடோ போடாமல், சலைன் நீரால் (கிருமி நீக்கிய உப்பு நீர்) கழுவி, மருத்துவர் சொல்லும் மருந்துக்கட்டுப் போட வேண்டும். புண்ணைக் காற்றாடக் காயவிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் மூடி, ஈரப்பதம் காத்த புண் விரைவாகத் தோல் மூடுவதை 1962இலேயே ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் காட்டிவிட்டார்.

உணவில் புரதம் கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது குறைந்தது 75 கிராம்; ஒரு முட்டையில் கிடைப்பதோ சுமார் 6 கிராம்தான். கஞ்சி மட்டும் கொடுத்தால் புண் ஆறாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காய்ச்சல், துர்நாற்றம், சீழ் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.