கடலூர் மீனவரின் ஜிபிஎஸ்ஸும் ராணுவத்தின் ஜிபிஎஸ்ஸும் வேறு வேறா?

கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுக்கும் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கும் சிக்னல் தருபவை அதே ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள்தான். 2000 மே வரை பொதுமக்கள் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்தது. வலை விரித்த இடம் 100 மீட்டர் வரை தள்ளித் தெரியலாம். அந்தக் கலப்படம் இப்போது இல்லை.

ஆகவே ராணுவத்தின் பெரிய சாதகம் துல்லியம் அல்ல, பாதுகாப்பு என்பேன். பொதுச் சிக்னலின் அமைப்பு எவரும் படிக்கக்கூடிய ஆவணம். போலிச் சிக்னல் அனுப்பி ஏமாற்றலாம். ராணுவச் சிக்னல் சங்கேதமாக்கப்பட்டது, சாவி இல்லாதவரால் போலி செய்வது மிகக் கடினம். தவிர, 20,000 கிலோமீட்டர் கடந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது. அருகிலுள்ள சிறு கருவிகூட அதை அமுக்கிவிடும். ராணுவக் கருவிகள் இதையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இந்தியாவின் சொந்த இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கிலும் பொதுச்சேவை ஒன்று, சங்கேதமாக்கப்பட்ட கட்டுப்பாட்டுச் சேவை ஒன்று உண்டு.