ப்ரோகோஃபியெவின் ஏழாம் சொனாட்டா: யார் வாசித்தது சரி?

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரோகோஃபியெவின் 7ஆம் பியானோ சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட தனி பியானோப் படைப்பு) கடைசிப் பகுதியை ரிக்டர், ஹொரோவிட்ஸ், பொல்லினி ஆகிய பியானோக் கலைஞர்கள் மூவரும் வாசித்துக் கேட்டேன். மூன்றும் மூன்று விதம். வேகமாக வாசிப்பவர்தான் சிறந்தவரா?

பதில்: கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுவது. நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்குப் பழகிய காது அதைத் ‘தகிட தகதிமி’ என்று பிரிக்கப் பார்க்கும். இங்கே பிரிவு ‘தக தகிட தக’. இடது கையில் பி ஃபிளாட், சி ஷார்ப் என்ற இரு ஸ்வரங்களும் விடாமல் திரும்பி வரும். கைகள் நெடுந்தூரம் தாவ வேண்டிய கடைசிப் பக்கத்தில் அந்த ஏழும் உங்கள் விரலுக்குத் தட்டக் கிடைக்கிறதா? ஒலியை நீட்டும் பெடலை மிதித்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டு வேகம் காட்டுவது சுலபம். பொல்லினியின் 1971 பதிவில் ஒரு தட்டுகூடத் தவறாது.

1943 ஜனவரியில் மாஸ்கோவில் இதை அரங்கேற்றியவர் ரிக்டர். அதனால் அவர் சொன்னதே வேதம் என்று வாதாடுவார்கள், நம்பாதீர்கள். அவரே மேடைக்கு மேடை மாற்றி வாசித்தவர்.

அதைவிட முக்கியம், நீங்கள் கேட்டது யாருடையது, எந்த ஆண்டுப் பதிவு என்பது. ஹொரோவிட்ஸ் 1945இல் பதிவு செய்ததற்குப் புது அட்டை போட்டு, மறுவெளியீட்டு ஆண்டை மட்டும் காட்டுகின்றன சில இசைச் செயலிகள். பதிவான தேதியைப் போடுவதில் இவர்களுக்கு என்ன கஷ்டமோ! தனிநபர்கள் ஏற்றும் காணொளிகளில் பெயரையே நம்ப முடியாது. ஆங்கிலேயப் பியானோக் கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் நினைவிருக்கட்டும். அந்த அம்மையாரின் கணவர், பிறர் வாசித்த பதிவுகளை மனைவி பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தட்டுகளாக விற்றார். சிலவற்றின் வேகத்தைக்கூட மாற்றியிருந்தார். விமர்சகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். 2007இல் ஒருவர் குறுந்தட்டைக் கணினியில் போட்டதும் அது வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது, குட்டு உடைந்தது. ‘அவர்’ வாசித்த ரக்மானினோஃபின் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) உண்மையில் யெஃபிம் பிரான்ஃப்மன் வாசித்தது.

கடிகாரம் உதவும் இடம் ஒன்று உண்டு: ஷோஸ்டகோவிச் 1950-51இல் எழுதிய 24 பிரிலூட்-ஃபியூக்குகள் (ஒரு முன்னிசையும், ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துத் தொடரும் ஃபியூக்கும் சேர்ந்த ஜோடிகள்). ஒவ்வொன்றுக்கும் அவரே மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேக அளவு) குறித்திருக்கிறார், சிலவற்றைத் தானே வாசித்துப் பதிவும் செய்திருக்கிறார். ஆகவே ஒரு கலைஞர் அந்த எண்ணை ஒட்டி வாசிக்கிறாரா, விலகினால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தப் படைப்பு எழுதப்படத் தூண்டுதலாக இருந்த பியானோக் கலைஞர் நிகோலாயெவாவின் 1987, 1990 பதிவுகளை எண்ணோடு பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். முதலில் ஒரு ஃபியூக்கை மட்டும் எடுத்து, குரல்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள்.