உலோக வால்வின் டிக் டிக் சத்தம் மங்கினால்

தம்பி, பல் பிடுங்குவதற்காக இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கும் அம்மா, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தினார், நேற்று இரவிலிருந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, வால்வின் டிக் டிக் சத்தமும் மங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சத்தம் மங்கியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரை நின்றால் உலோக வால்வில் ரத்தம் உறைந்து, அதன் திறந்து மூடும் இதழ் அசையாமல் சிக்கிக்கொள்ளலாம். அப்புறம் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இதை வீசிங் என்று நினைத்து நெபுலைசர் வைத்தே எங்கள் அண்ணிக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போய்விட்டது.

குடியாத்தத்திலிருந்து வேலூர் வரும்வரை அம்மா நிமிர்ந்தே உட்காரட்டும். விட்ட மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சாப்பாடு, காபி எதுவும் வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். எக்கோவும் (இதய ஸ்கேன்) இதய அறுவை சிகிச்சையும் உள்ள மருத்துவமனையாகக் கேளுங்கள். உள்ளே நுழைந்ததுமே "செயற்கை வால்வு, மாத்திரை நிறுத்தியிருந்தோம்" என்று சொல்லுங்கள். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை), எக்கோ பார்த்து, உறைகட்டியைக் கரைக்க மருந்தா, அவசர அறுவையா என்று முடிவு செய்வார்கள். வழியில் வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ, எத்தனை மணிக்கு என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். பழைய ஐஎன்ஆர் நோட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும்.