ஒப்போசத்தின் குடலில் புழு தேடும் மகளைப் பற்றி ஓர் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். "டாக்டராவாள் என்று அமெரிக்காவுக்கு அனுப்பினேன், சாலையில் அடிபட்டுச் செத்த ஒப்போசத்தின் குடலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். எந்த அப்பாவுக்கும் இது வயிற்றைக் கலக்கும். சரி, அவள் அங்கே என்னதான் செய்கிறாள் என்று முதலில் பார்ப்போம்.

ஒப்போசம் கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் விலங்கு. கிடைத்ததையெல்லாம் தின்னும், அதனால் வயிற்றிலும் குடலிலும் புழு ஏராளம். இரைப்பையில் தடிமனாக ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் டர்ஜிடா என்ற புழு. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் நெளிவது க்ரூசியா என்ற இன்னொரு புழுவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதோடு நின்றுவிட முடியாது. புழுவை லாக்டோஃபீனால் என்ற திரவத்தில் போட்டு, உடல் கண்ணாடி போலத் தெளியும்வரை காத்திருந்து, மைக்ரோஸ்கோப்பில் தொண்டைக்குள் வரிசையாகப் பற்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆண் புழுவாக இருந்தால் வாலருகே உள்ள முட்களின் நீளத்தை அளக்க வேண்டும். ஒரு புழுவுக்கே அரை நாள் போய்விடும்.

இன்னொன்று. விலங்கு செத்த பிறகு புழுக்கள் இடம் மாறிவிடும். இரைப்பைப் புழு குடலில் கிடந்தால், புதிதாகச் சேர்ந்தவர் ஏமாந்துபோவார். அதனால்தான் எந்த உறுப்பில் எடுத்தது என்று பென்சிலால் எழுதிய துண்டுத்தாளை, புழுவை ஆல்கஹாலில் போட்டு வைக்கும் புட்டிக்குள்ளேயே போடுவார்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். எனக்கு மதிப்பெண் பட்டியலைவிட அந்தத் துண்டுத்தாளைப் பார்க்கத்தான் ஆசை. அதை ஒழுங்காக எழுதும் பிள்ளையை எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் தைரியமாகச் சேர்க்கலாம்.

வேலைக்கு வருவோம். புழுவைப் பார்த்துப் பெயர் சொல்வது மட்டுமே வேலை என்றால், அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. அருங்காட்சியகங்கள், சில பல்கலைக்கழகங்கள், அவ்வளவுதான். அதை நம்பி இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் இந்தக் கண்ணோடு டி.என்.ஏ. பரிசோதனையும் கொஞ்சம் புள்ளியியலும் சேர்ந்தால் கதை வேறு. கால்நடை நோயறியும் கூடங்கள், வனவிலங்கு நோய்த் துறைகள், குடற்புழு மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள், பொதுச் சுகாதாரக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்டவர்கள் தேவை. மனிதரின் மலத்தில் புழு முட்டையைக் கண்டுபிடிப்பவருக்கும் இதே பயிற்சிதான். அமெரிக்காவில் உயிரியலில் முனைவர் படிப்புக்குப் போகிறவர்கள் பலருக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, மாத உதவித்தொகையும் கிடைக்கிறது. மருத்துவத்துக்கோ கால்நடை மருத்துவத்துக்கோ விண்ணப்பித்தாலும் இந்த ஆய்வு அனுபவம் வீணாகாது. டாக்டர் ஆசையை இப்போதே மூட்டை கட்ட வேண்டியதில்லை.

உடல்நலம் பற்றிய உங்கள் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நான் அதிகம் யோசிப்பது ஒப்போசத்தைப் பற்றியல்ல, ரக்கூன் என்ற இன்னொரு அமெரிக்கக் காட்டு விலங்கைப் பற்றி. ரக்கூனின் உருளைப்புழு முட்டை மனித வயிற்றுக்குள் போனால், குஞ்சுப்புழு மூளைவரை போய்விடக்கூடும். அந்த முட்டை சாதாரணக் கிருமிநாசினிக்கெல்லாம் மசியாது. அதே மேசையில் ரக்கூனையும் அறுக்கிறார்களா, கையுறையும் முகக்கவசமும் கட்டாயமா, வனவிலங்கைத் தொடுகிறவர்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போடுகிறார்களா, உடல்களைச் சேகரிக்க மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். மழுப்பினால் அந்தக் கூடம் வேண்டாம். வேறு கூடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரான பதில் வந்தால் ஒரு பருவம் விட்டுவிடுங்கள். பருவம் முடிந்ததும், ஒரு புழுவை எப்படி அடையாளம் கண்டாள் என்று தொலைபேசியில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பேச்சு நிற்காமல் ஓடுகிறதா, கடனுக்குச் சொல்கிறாளா என்பது அப்பாவுக்குக் காதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அடுத்த படிப்பை முடிவு செய்வோம்.